நாற்பத்திரண்டு துறைமுகம் பார்த்தவர்

என் வீட்டுக்காரர் குத்புதீன் நாற்பத்திரண்டு துறைமுகம் பார்த்தவர். நான் துறையூர் பார்த்தவள். அதுவும் பெரியம்மா மகள் நிக்காஹ்வுக்கு பஸ்ஸில் போய் மறுநாளே திரும்பிவிட்டேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரியும். எரியாதா பின்னே?

அவர் கப்பலில் சமையல்காரர். பம்பாயில் ஏறினால் இரண்டு வருஷம் கழித்துத்தான் பாலக்கரை வீட்டுக்கு வருவார். மூன்று மாதம் இருப்பார், மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. எங்கள் ஒரே மகள் ஆபிதா அந்த மூன்று மாதக் கணக்கில் பிறந்தவள். மாமியாரைக் கடைசிவரை குளிப்பாட்டினது நான். மழைக்கு முன்னால் ஆள் பிடித்து ஓடு மாற்றினது நான். பிள்ளைக்கு அம்மை போட்டபோது இருபது நாள் பக்கத்திலேயே கிடந்தது நான். இவர் மட்டும் துரை மாதிரி உலகம் சுற்றிக்கொண்டிருந்தார்.

சும்மா சுற்றினாலும் போகட்டும் என்று விடலாம். கடிதம் வேறு எழுதுவார். மார்சேல்ஸ் ஊரில் கடலைப் பார்த்தபடி மலை மேல் ஒரு மாதா கோயிலாம். படியேறிப் போனால் ஊர் முழுக்கச் செம்மண் நிற ஓடாகத் தெரியுமாம். நேப்பிள்ஸில் இந்த வீட்டு மாடிக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் கயிறு கட்டித் துணி காயப் போடுகிறார்களாம். யோக்கோஹாமாவில் செருப்பைக் கழற்றினால்தான் சாப்பாட்டுக் கடைக்குள் விடுவார்களாம். ஹாம்பர்க்கில் பல் கிட்டிக்கிற குளிரில் இவர் கையை உரசிக்கொண்டே கடைத்தெருவெல்லாம் நடந்தாராம். கடிதத்தின் கடைசியில் எப்போதும் கொழும்பு வந்துவிடும். "எத்தனை ஊர் பார்த்தாலும் எனக்குப் பிடித்தது கொழும்புதான். கப்பலை விட்டு இறங்கினால் ஒரு குன்று. குன்றின் மேல் கடிகாரம் வைத்த வெள்ளைக் கலங்கரை விளக்கம். அங்கே நின்று காற்று வாங்கினேன். இன்ஷா அல்லாஹ், உன்னையும் ஒருநாள் கூட்டிப்போவேன்."

கடிதம் வந்த அன்று மத்தியானம் அக்கம்பக்கத்துப் பெண்கள் பீடி சுற்றுகிற தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். நான் உரக்க வாசிப்பேன். எழுதினதை மட்டுமா வாசிப்பேன்? அவர் ஒரு வரி எழுதியிருந்தால் நான் நாலு வரி சேர்ப்பேன். கை காட்டி, குரல் மாற்றி, நானே அந்த மலைப்படியில் மூச்சிரைக்க ஏறின மாதிரி சொல்லுவேன். முடிந்ததும், "கொடுத்து வச்சவடி நீ" என்று எழுந்து போவார்கள். யார் கொடுத்து வைத்தவள்? அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவள் நான். காற்று வாங்கினது அவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் கப்பல் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊரோடு வந்தார். வந்த வாரமே கேட்டேன், "எப்ப கொழும்புக்குப் போறோம்?"

"போலாம், போலாம்."

மழைக்காலம் என்றார். நோன்பு வருகிறது என்றார். முட்டி வலிக்கிறது என்றார். முட்டி வலிக்கிற ஆள் தினம் நத்தர்ஷா பள்ளிவரை நடந்து போய்ப் பேசிவிட்டு வருவார்! இரண்டு வருஷம் இப்படியே இழுத்தடித்தார். பாஸ்போர்ட் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். தான் மட்டும் எல்லாம் அனுபவித்துவிட்டு எனக்கென்றால் காட்ட மனசில்லையே என்று நினைத்து நினைத்து என் கோபம் மூக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் வைதேஹி டீச்சர் வந்தார். ஆபிதாவுக்குப் பூகோளம் எடுப்பவர், ஸ்ரீரங்கத்துக்காரர். அப்பா பார்த்த ஊர்களைப் பற்றி அவள் டீச்சரிடம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். போன வருஷம் ஸ்கூல் விழாவில் நானும் வாய் சும்மா இருக்காமல் டீச்சரிடம் நேப்பிள்ஸ் பற்றி முக்கால் மணி நேரம் அளந்திருந்தேன்.

"எங்க மாதர் சங்கத்துல வர ஞாயித்துக்கிழமை நீங்க பேசணும். 'உலகத்தில் எனக்குப் பிடித்த ஊர்கள்'னு தலைப்பு. நோட்டீஸ்கூட அடிச்சாச்சு" என்று ஒரு தாளை நீட்டினார்.

'கணவருடன் உலக நாடுகள் பலவற்றைச் சுற்றி வந்த ஜனாபா சாரா பீவி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் பக்கத்தில் ஆத்துக்காரருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தால் மனைவி பாத்திரம் பண்டத்தோடு கூடவே போவாள். கப்பல் வேலையும் அப்படித்தான் என்று டீச்சர் முடிவு கட்டிவிட்டார்.

அப்போதே, "டீச்சர், நான் துறையூரைத் தாண்டினதில்லை" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. நோட்டீஸில் என் பேர் அவ்வளவு அழகாக இருந்தது.

டீச்சர் போனதும் என் வீட்டுக்காரரிடம் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு வெலவெலத்துப் போனார்.

"வேணாம் சாரா. உடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிடு."

"ஏன் வேணாம்? உங்க கடுதாசி பூரா எனக்கு மனப்பாடம். நான் போய்ப் பேசி உங்க மானத்தைக் காப்பாத்துறேன். ஆனா ஒண்ணு. நோட்டீஸ்ல போட்டது பொய்யாகக் கூடாது. ஒரு ஊராவது நீங்க என்னைக் கூட்டிட்டுப் போயே ஆகணும். அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லுங்க."

திருதிருவென்று முழித்தார். நான் விடவில்லை. கடைசியில், "சரி, கூட்டிட்டுப் போறேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு ஜட்கா வண்டியில் காவிரிப் பாலம் தாண்டினேன். கீழ உத்திர வீதியில் ஒரு மாடி ஹால். எண்பது பெண்களாவது இருப்பார்கள். ஹாலின் கடைசியில் காபி அண்டாவோடு உட்கார்ந்திருந்த பிச்சமுத்து என்கிறவர் பக்கத்தில் இவருக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஆண்பிள்ளை என்று அங்கே அவர்கள் இரண்டு பேர்தான். இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெருமையில் வியர்க்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் ஒரு மக்கு.

பேச ஆரம்பித்தேன். முதல் இரண்டு நிமிஷம் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தே பேசினேன். மார்சேல்ஸ் மலையில் பாதிப் படி ஏறுவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. நேப்பிள்ஸ் துணிக்கொடியில் தொங்கின துணிகளை ஒவ்வொன்றாகச் சொன்னபோது ஹாலே அதிரச் சிரித்தது. ஒரு மாமி எழுந்து, "கப்பல்ல மடி ஆசாரமா இருக்க முடியுமோ?" என்று கேட்டார். "சுத்தித் தண்ணிதானே மாமி, நாளைக்குப் பத்து தடவ குளிக்கலாமே" என்றேன். கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் கைதட்டினதில்லை. அந்த மயக்கத்தில் கொழும்புக்கு வந்தேன். குன்றில் ஏறினேன். வெள்ளைக் கலங்கரை விளக்கத்தடியில் நின்று காற்று வாங்கினேன்.

"கொழும்புல குன்று எங்கே இருக்கு?"

மூன்றாவது வரிசையில் ஒல்லியாக ஓர் அம்மாள் எழுந்து நின்றார். ரங்கம்மா என்று பேர். கோயில் மரியாதை உள்ள குடும்பம் என்று பின்னால் தெரிந்தது.

"நீங்க சொல்ற அந்தக் கலங்கரை விளக்க மணிக்கூண்டு நட்ட நடுத்தெருவுல, சமதரையில நிக்கறது. குன்றும் இல்லே, மலையும் இல்லே. நான் பதினோரு வருஷம் அங்கேயே, வெள்ளவத்தைல குடியிருந்தவ. எனக்குத் தெரியாதா?"

ஹால் மொத்தமும் என்னை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தது. வைதேஹி டீச்சருக்கு வாய் பிளந்துவிட்டது. "மாமி, நீங்க மதுராந்தகத்துல இருந்ததாத்தானே சொன்னேள்?"

"மாமியார் அப்படிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். சமுத்திரம் தாண்டினான்னு தெரிஞ்சா ஆத்துக்காரருக்குக் கோயில்ல தீர்த்தம் குடுக்க மாட்டான்னு பயம். கொழும்பில வாங்கின புடவையைக்கூட மதுராந்தகத்துல வாங்கினேன்னு சொல்லியிருக்கேன். போன தை மாசம் அவர் பரமபதிச்சாச்சு. இனிமே யாருக்குப் பயப்படணும்? ஊருக்குத் தெரியாம நான் வாயை மூடிண்டு இருக்கேன், இவா இல்லாத குன்றுல ஏறறா. எப்படிப் பொறுத்துண்டு இருக்கறது?"

ஹாலில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. என்னைச் சொன்னால் தாங்கிக்கொள்வேன். இருபத்திரண்டு வருஷம் கடலில் இருந்த மனிதர் எழுதினதைப் பொய் என்றால்?

"நான் சொன்னா நம்ப வேணாம்மா. நேர்ல பாத்தவரு அதோ உக்காந்திருக்காரு" என்று கை நீட்டினேன். "ஏங்க, எழுந்து நீங்களே சொல்லுங்க. கொழும்புல குன்று இருக்கா இல்லியா?"

அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்த அம்மா சொல்றதுதான் சரியா இருக்கும். நான் பாக்கல."

"பாக்கலைன்னா?"

"இறங்கினதில்ல சாரா."

அவர் எங்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பேசினார். "கப்பல் கரையில கட்டினா எல்லாருக்கும் லீவு. சமையக்காரனுக்கு அப்பத்தான் வேலையே. அரிசி மூட்டை, கறி, காய் எல்லாம் அன்னிக்குத்தான் மேல வரும். எண்ணி, பாத்து, கெட்டதைத் திருப்பி அனுப்பணும். ஆபீசருங்க விருந்தாளியைக் கூட்டிட்டு வருவாங்க. அடுப்பு அணையவே அணையாது. சுவத்துல தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல். அதுல பாத்தா குடோன் தெரியும். எல்லா ஊரு குடோனும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"அப்ப மார்சேல்ஸ் மலை?" என்றேன்.

"ஊர் பாத்துட்டு வர்ற பசங்க பசியோட வருவானுங்க. தட்டுல ஒரு துண்டு மீன் கூட வச்சு, 'என்னடா பாத்தே?'ன்னு கேப்பேன். அதைத்தான் உனக்கு எழுதினேன். கொழும்புக் குன்று எங்க கப்பல் பையன் வீரமலை சொன்னது. அன்னிக்கு அவன் கொஞ்சம் தண்ணியப் போட்டுட்டு வந்தான். சமதரையே அவனுக்கு மேடாத் தெரிஞ்சிருக்கும்."

முதலில் சிரித்தது ரங்கம்மா மாமிதான். அப்புறம் ஹாலே சிரித்தது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிச்சமுத்து காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நாப்பத்திரண்டு துறைமுகத்துல ஒரு தடவகூடவா இறங்கல?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூணு தரம் இறங்கினேம்மா. ரெண்டு தரம் தீப்புண்ணுக்கு ஆஸ்பத்திரி. ஒரு தரம் ஹாம்பர்க்குல பல்லு புடுங்க."

நான் சிரிக்கவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, "இவரு மட்டும் இல்லீங்க, நானும் எங்கயும் போனதில்ல. நோட்டீஸ்ல போட்டது தப்பு. மாமி, நீங்க வந்து சொல்லுங்க. நிஜமாப் பாத்தவங்க நீங்கதான்" என்று இடத்தைக் கொடுத்தேன். மாமி வந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தை அடக்கி வைத்திருந்தவர் ஒரு மணி நேரம் பேசினார். எட்டு மணிக்குள் ஓடிவிடும் பால்காரனிலிருந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் ரெயில் வரும்போது வீட்டுப் பாத்திரம் கடகடப்பதுவரை எல்லாம் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த கைதட்டல் அவருக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

திரும்பும்போது ஜட்காவில் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பாலத்தில் ஏறினதும்தான் கேட்டேன். "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"நீ கடுதாசி வாசிச்சா தெருவே கூடுதுன்னு அம்மா சொன்னாங்க. அடுப்பைப் பத்தி எழுதினா யாரு கேப்பா?"

"சரி, கொழும்புக்குக் கூப்பிட்டப்ப ஏன் மழுப்பினீங்க?"

"ஸ்டேஷன்ல இறங்கினதும் எந்தப் பக்கம் போகணும்னு கேப்பே. எனக்குத் தெரியாதே சாரா."

வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்பு. இத்தனை நாள் அதைப் பார்க்காமலா இருந்தேன்? பார்த்தேன். மார்சேல்ஸ் மலையைக் கேட்கிற ஆவலில் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் நான் சண்டை போட்டது உலகம் சுற்றின ஒரு மனிதரோடு. அப்படி ஒரு மனிதர் இல்லவே இல்லை. நான் இங்கே அடுப்படியில் வெந்தபோது அவரும் ஏதோ ஒரு கடலில் அடுப்படியில்தான் வெந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு மெயின்கார்டு கேட் வரும்வரை அழுதேன்.

அவர் பயந்துபோய், "கோவமா?" என்றார்.

"பின்னே? கோவம் இல்லாம கொஞ்சலா? ஆணை ஆணைதான். கொழும்பு போறோம்."

"வழி தெரியாதேம்மா."

"வாயில்லையா உங்களுக்கு? கேட்டுட்டுப் போறது!"

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனோம். சிரிக்காதீங்க என்று ஸ்டூடியோக்காரர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மூன்றாவது தடவைதான் படம் விழுந்தது. காகிதமெல்லாம் வந்து சேர நாலு மாதம் ஆயிற்று. ஆபிதாவை என் தங்கை வஹீதா வீட்டில் விட்டேன். ரங்கம்மா மாமி எந்த பஸ், எந்தத் தெரு, எந்தக் கடையில் தேங்காய்ப்பால் கலப்படமில்லாதது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். வழியனுப்ப ஜங்ஷனுக்கு வைதேஹி டீச்சரும் மாமியும் வந்தார்கள். போட் மெயில் ரெயில் நகரும்போது மாமி ஜன்னலோடு கூடவே நடந்து, "புறக்கோட்டைக் கடைத்தெருவுல பேரம் பேசாம எதையும் வாங்கிடாதீங்கோ!" என்று கத்தினார்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். ஏறினதும் இவருக்கு எங்கே உட்கார்வதென்று தெரியவில்லை. கால் தன்னால் படியிறங்கிச் சமையல்கட்டுப் பக்கம் போனது. சட்டையைப் பிடித்து இழுத்து மேல்தட்டில் உட்கார வைத்தேன். "எவ்ளோ வெளிச்சமா இருக்கு" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அக்கரையில் இறங்கி ராத்திரி ரெயில் பிடித்து, மறுநாள் காலையில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். வாசலில் நின்று இவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒரு போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கை காட்டின திசையில் தப்பாகப் போய் இரண்டு தடவை அதே பழக்கடைக்கு வந்து சேர்ந்தோம். கடைக்காரர் தமிழ்தான். மூன்றாம் தடவை அவரே கடையை விட்டு இறங்கி வந்து வழி காட்டினார். மணிக்கூண்டு நடுத்தெருவில்தான் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் ரிக்ஷாக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் கடலோரத்துக் காலிமுகத் திடலுக்குப் போனோம். காற்றாடி விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இறால் வடை வாங்கிக்கொண்டு திரும்பினால் பக்கத்தில் ஆளைக் காணோம். பக்கென்றது. தேடினால் கீழே மணலில் இருக்கிறார். கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது ஓடுகிறார், அலை போகும்போது பின்னாலேயே போகிறார். ஐம்பத்திரண்டு வயசு.

"சாரா! ஏ சாரா! இங்க வாயேன்! காலுக்கடியில மண்ணு ஓடுது!"

இருபத்திரண்டு வருஷம் கடலிலேயே கிடந்த மனிதர் கடலில் கால் வைத்தது அன்றைக்குத்தான். நான் துப்பட்டியைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன்.